இளங்குதிரையில் தைரியமாக ஏற: கொழும்புச் சவாரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மூன்று, நான்கு வயதுக் குதிரையில் ஏறும்போது நெஞ்சு படபடப்பது கோழைத்தனம் இல்லை. முதுகில் ஆள் இருப்பது அதற்குப் புதிது, வாயில் கடிவாளம் புதிது, தெருச் சத்தம் புதிது. அடுத்த நொடி என்ன செய்யும் என்று அதற்கே தெரியாது. இந்தப் பயத்தை வீரம் பேசி விரட்ட முடியாது. குதிரை மிரண்டால் கை எங்கே போக வேண்டும், கால் எங்கே இருக்க வேண்டும் என்பது உடம்புக்குப் பழகிவிட்டால் பயம் தானாகவே இறங்கும். அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தும் வழிதான் இது.

முதலில் ஒரு கண்டிப்பான விஷயம். குதிரையும் புதிது, ஏறுபவரும் புதிது என்றால் ஏற வேண்டாம். அனுபவமுள்ள வயதான குதிரையைப் பயிற்றுநர் நீளக் கயிற்றில் வட்டமாக ஓட்ட, அங்கவடியும் (பாதம் வைக்கும் வளையம்) இல்லாமல், கடிவாள வாரையும் பிடிக்காமல், பத்து நிமிடம் ட்ரொட்டில் (நடையைவிட வேகமான சீரான ஓட்டம்) குலையாமல் இருக்க முடிகிறதா? முடிந்தால் நீங்கள் தயார். முடியாவிட்டால் இன்னும் சில வாரம் அந்தக் குதிரையிலேயே பழகுங்கள். தடுமாறும்போது வாரைப் பிடித்துத் தொங்குபவர் குதிரையின் வாயைத்தான் இழுக்கிறார். இளங்குதிரை அந்த வலிக்குத் தலையைத் தூக்கும், முதுகைப் பள்ளமாக்கும், பிறகு ஓடும்.

எடையையும் பாருங்கள். உங்கள் எடையும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 15 வீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 400 கிலோ குதிரைக்கு அது 60 கிலோ. முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூட ஐந்து, ஆறு வயதாகும் என்பதால் இதில் தாராளம் காட்டக் கூடாது.

ஏறுவதற்கு முன்

"குழப்படிக்காரக் குதிரை" என்று பெயர் வாங்கிய பல குதிரைகளுக்கு உண்மையில் எங்கோ வலிக்கிறது. இரண்டரை வயதிலிருந்து நாலரை வயதுவரை பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கும். அந்தக் காலத்தில் நேற்றுவரை கடிவாளத்தை ஏற்ற குதிரை இன்று தலையை உதறலாம். மிருக வைத்தியரிடம் வாயைக் காட்டாமல் அடிக்கவோ இறுக்கமான கடிவாளம் போடவோ வேண்டாம். சேணத்தைப் போடுமுன் முதுகெலும்பின் இரு பக்கமும் விரல்களால் மெல்ல அழுத்திப் பாருங்கள். தோல் துடித்தால், முதுகு தாழ்ந்தால், அன்று சவாரி இல்லை. இளங்குதிரையின் உடம்பு மாதத்துக்கு மாதம் மாறும். ஜனவரியில் பொருந்திய சேணம் ஏப்ரலில் தோளைக் கடிக்கும்.

கொழும்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. இடம் குறைவு, குதிரை நாளின் பெரும்பகுதியை லாயத்துக்குள்ளேயே நின்று கழிக்கிறது. வேலையே இல்லாத குதிரைக்குத் தானியத்தை அள்ளிப் போட்டால் அந்தச் சக்தியெல்லாம் உங்களைச் சுமந்திருக்கும் நேரத்தில்தான் வெளியே வரும். புல்லைக் கூட்டுங்கள், தானியத்தைக் குறையுங்கள். ஏறுவதற்கு முன் அரை மணி நேரமாவது அடைப்புக்குள் அவிழ்த்துவிட்டு அதன் இஷ்டத்துக்கு நடக்க, உருள விடுங்கள். இந்த அரை மணி நேரம் மிச்சப்படுத்தும் விழுகைகள் அதிகம்.

நேரம் காலை ஆறு மணி. எட்டு மணிக்குப் பிறகு இங்குள்ள ஈரக் காற்றில் வியர்வை காய்வதே இல்லை. குதிரையின் உடம்புச் சூடு இறங்காது, அதோடு பொறுமையும் போய்விடும். சவாரி முடிந்தும் மூச்சு வேகமாகவே இருந்தால் நிழலில் நிறுத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றுங்கள். வெயிலில் வேலை செய்தும் வியர்க்காத குதிரையை உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஈர வெப்ப நாடுகளில் வியர்க்கும் திறனையே இழக்கும் குதிரைகள் உண்டு.

உங்களுக்கு: குதிரைச் சவாரிக்கென்றே செய்த ஹெல்மெட் (மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போதாது), நெஞ்சையும் முதுகையும் மூடும் பாதுகாப்பு மேலங்கி, சிறிய குதியுள்ள சப்பாத்து. அங்கவடி உங்கள் சப்பாத்தைவிட இரண்டரை சென்டிமீட்டர் அகலமாக இருக்கட்டும். குறுகலானால் விழும்போது கால் சிக்கி இழுபடும், தளர்வானால் பாதம் முழுக்க உள்ளே நழுவும். குதிரைக்கு: கழுத்தைச் சுற்றி ஒரு பழைய தோல் வார். தடுமாறினால் வாயை இழுக்காமல் இதைப் பிடிக்கலாம். மலிவான பொருள், ஆனால் பயந்தவருக்கு இதைவிட உதவி செய்யும் எதுவும் லாயத்தில் கிடையாது.

தரையில் தொடங்குங்கள்

தரையில் நின்று உங்கள் சொல் கேட்காத குதிரை முதுகில் ஏறியதும் கேட்கப் போவதில்லை. நீங்கள் நின்றால் அது நிற்க வேண்டும்; மூக்கின் பக்கம் லேசாகக் கை காட்டினால் இரண்டடி பின்னால் போக வேண்டும்; விலாவில் ஒரு விரல் வைத்தால் பின்கால்களை விலக்க வேண்டும். பிறகு 15 முதல் 20 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் நீளக் கயிற்றில், இரு பக்கமும் சமமாக, பத்துப் பதினைந்து நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். சின்ன வட்டம் வளரும் மூட்டுகளுக்குப் பாரம்.

குதிரையின் உடம்பைப் படிக்கப் பழகுவதும் இங்கேதான். தலை உயர்ந்து, வால் இறுகி, அடிகள் குறுகி, மூச்சைப் பிடித்துக்கொண்டால் அது பயந்திருக்கிறது. மூக்கால் நீளமாக ஊதி, கழுத்தைத் தாழ்த்தி, வாயை மென்று, வால் இடமும் வலமும் ஆடினால் தளர்ந்திருக்கிறது. தளர்ந்த பிறகுதான் ஏற வேண்டும்.

முதல் சவாரிகள்

வயிற்று வாரை ஒரே இழுப்பில் இறுக்க வேண்டாம். சேணம் போட்டதும் ஒரு தடவை, ஏறுமுன் ஒரு தடவை, பத்து நிமிடம் நடந்தபின் ஒரு தடவை. ஏறுவதற்கு மேடை வையுங்கள். தரையிலிருந்து தொங்கி ஏறினால் சேணம் ஒரு பக்கம் இழுபட்டு முதுகு நோகும். ஒருவர் தலையைப் பிடித்திருக்க, முதலில் மேடையில் நின்று சேணத்தின் மேல் குறுக்காகச் சாயுங்கள், இறங்குங்கள். அது அசையாமல் நின்றால் மட்டும் காலை மறுபக்கம் போட்டு மெதுவாக உட்காருங்கள்.

முதல் சில நாட்கள் நடை மட்டும், பயிற்றுநரின் கயிற்றில். மொத்தம் 20 நிமிடம், வாரத்துக்கு மூன்று நான்கு நாள். ஒவ்வொரு நாளும் ஏறுமுன்னே அன்றைய வேலையை முடிவு செய்யுங்கள்: "நடந்து நிற்பது, இரு பக்கமும் திரும்புவது." அது சரியாக வந்தால் இறங்குங்கள். இன்னும் ஒரு சுற்று என்ற ஆசையில்தான் களைத்த குதிரை பிழை செய்கிறது, சவாரிக்காரரின் நம்பிக்கையும் அந்தக் கடைசிச் சுற்றில்தான் உடைகிறது.

பயம் வந்தால் முதலில் மூச்சு நிற்கும்; பிறகு முழங்கால் இறுகும், உடம்பு முன்னால் குனியும். குதிரைக்கு இது அத்தனையும் தெரியும். ஆகவே வாய் விட்டுப் பேசுங்கள், எண்ணுங்கள், பாடுங்கள். பேசுகிறவரால் மூச்சை அடக்க முடியாது. நான்கு அடிக்கு மூச்சை விட்டு, குதிக்காலைக் கீழே இறக்கி, பார்வையைக் குதிரையின் காதுகளுக்கு மேலே, போக வேண்டிய இடத்தில் வையுங்கள்.

மிரண்டால், துள்ளினால்

நிறுத்தும் முறையை நின்ற இடத்திலேயே பழக வேண்டும். ஒரு பக்க வாரை மட்டும் குறுக்கிப் பிடித்து, கையை உங்கள் தொடைப் பக்கம் மெதுவாகக் கொண்டு வாருங்கள். குதிரையின் கழுத்து அந்தப் பக்கம் வளையும். கால்கள் நின்ற அந்த நொடியே வாரை விட்டுவிடுங்கள். இரு பக்கமும் இது வந்தபின் நடையில், பிறகு மெதுவான ட்ரொட்டில். நாலு கால் பாய்ச்சலிலோ மழையில் நனைந்த புல்லிலோ திடீரெனச் செய்தால் குதிரை சறுக்கி உங்கள் மேலேயே விழும். அங்கே பெரிய வட்டமாகத் திருப்பி வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குவதே பாதுகாப்பு.

துள்ளும் குதிரை தலையைக் கீழே கொண்டு போகும். நிமிர்ந்து உட்கார்ந்து, குதிரையின் தலையை உயர்த்தி, முன்னால் நடக்கச் சொல்லுங்கள். முன்னங்காலைத் தூக்கி எழும்பினால் நேர்மாறு: கைகளை முன்னால் தள்ளி, குதிரையின் கழுத்தைக் கட்டிப் பிடித்து, வாரை முற்றாகத் தளர்த்துங்கள். பின்னால் இழுத்தால் குதிரை மல்லாந்து விழும். எழும்பும் பழக்கமுள்ள குதிரையைப் பயிற்றுநரிடம் ஒப்படைத்துவிடுங்கள். அதில் தைரியம் பார்க்க வேண்டாம்.

நுவரெலியா ரேஸ் போன்ற ஓட்டங்களுக்குப் பழக்கிய இளங்குதிரை கைக்கு வந்தால் ஒன்று நினைவிருக்கட்டும். வாரை இறுக்கிப் பிடித்தால் வாயை அதில் ஊன்றி இன்னும் வேகமாக ஓடவே அது பழகியிருக்கும். இழுத்துப் பிடிக்காமல், பிடித்து விட்டு, பிடித்து விட்டு வேகத்தைக் குறையுங்கள்.

விழுந்து தலை அடிபட்டால், மயக்கமோ வாந்தியோ குழப்பமோ இருந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அடிபட்ட ஹெல்மெட்டில் வெடிப்பு விழாமல் இருந்தாலும் மாற்ற வேண்டும்.

வாசலுக்கு வெளியே

அடைப்புக்குள் நடை, ட்ரொட், நிற்பது எல்லாம் சலிப்புத் தட்டும் அளவுக்கு வந்த பின்பே வெளியே. அப்போதும் தெருவுக்குப் பழகிய மூத்த குதிரை ஒன்று பக்கத்தில் வர வேண்டும். பாண் விற்க வரும் சூன் பாண் ஓட்டோவின் பாட்டு, ஹோர்ன், தெருநாய், காற்றில் பறக்கும் பொலித்தீன் பை எல்லாவற்றையும் முன்பே லாய வாசலில் தரையில் நின்று காட்டுங்கள். பாட்டைக் கைபேசியில் மெல்லிய சத்தத்தில் தொடங்கி, குதிரை தின்பதை நிறுத்தாத அளவில் நாளுக்கு நாள் கூட்டலாம். இடக்கண் பார்த்துப் பழகிய பொருளுக்கு வலக்கண் பக்கம் வரும்போது புதிதாக மிரளலாம். ஆகவே இரு பக்கமும் காட்ட வேண்டும். மிரண்டால் அந்தப் பொருளை நோக்கித் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். அது தாங்கும் தூரத்தில் நிறுத்தி, பார்க்க விட்டு, மூக்கை ஊதியதும் மூத்த குதிரையின் பின்னால் கடந்து போங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் வெடி வெடிக்கும் நாட்களில் இளங்குதிரையை வெளியே கொண்டு போகாமல் லாயத்தில் புல்லோடு விட்டுவிடுங்கள்.