நோயைச் சொல்வதற்கு ஒரு நேரம் இருக்கிறது: பிரிட்டனில் வேலை தேடும் புதியவர்களுக்கு

இங்கே வந்த நான்காவது வாரமே எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பெரிய கிடங்கு ஒன்றில் இரவு ஷிப்ட். ஏஜென்சிக்காரர் நீட்டிய படிவத்தில் 'நீண்டகால உடல்நலப் பிரச்சினை ஏதும் உண்டா' என்ற கேள்விக்கு நேரே 'இல்லை' என்று டிக் போட்டேன். பத்து வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்பவன் நான். சொன்னால் வேலை போய்விடும் என்பதைத் தவிர வேறொன்றும் அப்போது தோன்றவில்லை.

வேலைத் தளத்துக்குள் எதையும் கையில் கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே விதி. பை லாக்கரில், லாக்கர் கட்டடத்தின் அந்தக் கோடியில். மூன்றாம் நாள் இரவு இரண்டரை மணிக்கு ஸ்கேனரில் இருந்த எண்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. அந்தக் குளிரிலும் வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது. இரத்தச் சர்க்கரை இறங்கிவிட்டது. அட்டைப்பெட்டி அடுக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். மேற்பார்வையாளர் வந்து முதலில் கேட்டது, குடித்திருக்கிறாயா என்று. விஷயத்தைச் சொன்னதும், "படிவத்தில் ஒன்றும் எழுதவில்லையே" என்றார். மறுவாரத்திலிருந்து எனக்கு ஷிப்ட் வரவில்லை. யாரிடம் போய் முறையிடுவது? கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

வேலை எங்கே கிடைக்கும் என்று சொல்ல உங்களுக்கு ஆயிரம் பேர் இருப்பார்கள். நோயை யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது என்பதைத்தான் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் யார் என்று சட்டம் நினைக்கிறது

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பொருந்தும். வட அயர்லாந்துக்கு வேறு சட்டம். 'டிஸெபிலிட்டி', அதாவது உடல் அல்லது மன இயலாமை, என்று இந்தச் சட்டம் சொல்லும் சொல்தான் நம்மவர்களுக்கு இடறுகிறது. "நான் என்ன நடக்க முடியாதவனா? அந்தக் கட்டத்தில் எதற்கு டிக் போட வேண்டும்?" என்று கேட்காதவர்கள் குறைவு. ஆனால் சட்டம் பார்ப்பது சக்கர நாற்காலியை அல்ல. உடலிலோ மனதிலோ உள்ள ஒரு குறைபாடு, அன்றாடக் காரியங்களைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கிறதா, பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ நீடிக்கிறதா அல்லது நீடிக்கக்கூடியதா என்பதே கேள்வி. விட்டுவிட்டு வரும் வலிப்பு, சில வாரம் அடங்கிச் சில வாரம் படுத்தும் மூட்டு வாதம், மனச்சோர்வு எல்லாம் இதற்குள் வரலாம். புற்றுநோய், எச்ஐவி, நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஆகியவற்றுக்குக் கண்டறிந்த நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு.

பலருக்குத் தெரியாத ஒன்று: மருந்து இல்லாமல் இருந்தால் உங்கள் நிலை எப்படி இருக்கும் என்பதைத்தான் சட்டம் கணக்கில் எடுக்கிறது. மாத்திரையால் நன்றாக இருக்கிறேன், ஆகவே எனக்கு உரிமை இல்லை என்று நினைக்க வேண்டாம். (நிறுத்திப் பார்க்கச் சொல்கிறேன் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.) விசா எதுவாக இருந்தாலும், ஏஜென்சி வழியாக வேலை செய்தாலும் இந்தச் சட்டம் உங்களுக்கும்தான்.

எப்போது சொல்வது

சுயவிவரக் குறிப்பில் நோயைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். வேலை தருகிறோம் என்று சொல்லும் முன் உங்கள் உடல்நிலையையோ முந்தைய வேலையில் எத்தனை நாள் சுகவீன விடுப்பு எடுத்தீர்கள் என்பதையோ நிறுவனம் பொதுவாகக் கேட்கக் கூடாது. சமத்துவச் சட்டத்தின் 60ஆம் பிரிவு இது. விதிவிலக்குகள் உண்டு. நேர்காணலுக்கே ஏதாவது உதவி தேவையா என்று கேட்கலாம். வேலையின் உயிர்நாடியான ஒரு காரியத்தை உங்களால் செய்ய முடியுமா என்றும் கேட்கலாம். பாரம் தூக்குவதே வேலை என்றால் தூக்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. நான் டிக் போட்ட அந்தப் படிவத்தை எனக்கு எப்போது தந்திருக்க வேண்டும் என்று இப்போது யோசித்தால் சிரிப்புத்தான் வருகிறது.

முன்கூட்டியே சொல்வதில் லாபம் இருக்கும் ஓர் இடமும் உண்டு. 'டிஸெபிலிட்டி கான்ஃபிடென்ட்' என்ற அரசுத் திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்களின் விளம்பரத்தில் அந்த முத்திரை இருக்கும். டிஸெபிலிட்டி உள்ளவர்களில் குறைந்தபட்சத் தகுதி உள்ள விண்ணப்பதாரர்களை நேர்காணலுக்கு அழைப்பதாக ஒப்புக்கொண்டவை அவை. அழைப்பு நேர்காணலுக்குத்தான், வேலைக்கு அல்ல. இருந்தாலும், உள்ளூர் அனுபவம் இல்லாத ஒருவருக்குக் கதவு திறப்பதே பெரிய காரியம். அங்கே மட்டும் கூச்சப்படாமல் டிக் போடுங்கள்.

மற்றபடி நேரம் எதுவென்றால், வேலை உங்களுக்குத்தான் என்று எழுத்தில் வந்த பிறகு, முதல் நாள் வேலைக்குப் போவதற்கு முன். அப்போது உடல்நலக் கேள்வித்தாள் ஒன்று வரலாம். அதில் பொய் எழுதாதீர்கள். பின்னால் தெரிந்தால், பொய் சொன்னதற்காகவே நீக்குவார்கள். நோயைப் பற்றிய பேச்சே எழாது. நிறுவனத்துக்குத் தெரியாத ஒன்றுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்பதும் சட்டத்தில் இருக்கிறது. நான் அன்று கிடங்கில் தோற்றது இந்த இடத்தில்தான்.

எப்படிச் சொல்வது

நம் வழக்கம் நோயின் வரலாற்றைச் சொல்வது. எந்த ஆண்டு தொடங்கியது, எந்த டாக்டர் என்ன சொன்னார், அம்மாவுக்கும் இருந்தது என்று போய்க்கொண்டே இருப்போம். மேலாளருக்கு அது எதுவும் தேவையில்லை. உங்களுக்கு வேலையிடத்தில் என்ன வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள். 'ரீசனபிள் அட்ஜஸ்ட்மெண்ட்ஸ்', அதாவது நியாயமான மாற்றங்கள், என்ற சொல்லை அப்படியே பயன்படுத்துங்கள். அந்தச் சொல்லைப் பார்த்ததும் மனிதவளப் பிரிவில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். அந்த மாற்றங்களுக்கான செலவை உங்கள் தலையில் கட்ட முடியாது.

இரண்டாவது வேலையில் சேரும் முன் நான் அனுப்பிய மின்னஞ்சல் ஆங்கிலத்தில் ஐந்து வரி. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "எனக்கு இன்சுலின் தேவைப்படும் நீரிழிவு உள்ளது. குளுக்கோஸ் மாத்திரைகளையும் அளக்கும் கருவியையும் எப்போதும் என்னோடு வைத்திருக்க வேண்டும். தேவைப்படும்போது ஐந்து நிமிடம் வேலையை நிறுத்தி அளந்து பார்க்க அனுமதி வேண்டும். மருத்துவமனைத் தேதிகளை முன்கூட்டியே அறிவிப்பேன். இவற்றைச் சமத்துவச் சட்டத்தின்படி நியாயமான மாற்றங்களாகக் கோருகிறேன்." மறுநாளே சரி என்று பதில் வந்தது. பணச்செலவு இல்லாத கோரிக்கைகளுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் வரும். வாய்மொழியாக ஒப்புக்கொண்டால், "இன்று பேசியபடி" என்று தொடங்கி நீங்களே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

இரவு வேலை என்றால் இன்னும் இரண்டு விஷயம். இரவுப் பணியாளர்களுக்கு இலவச உடல்நல மதிப்பீடு செய்துதர நிறுவனம் முன்வர வேண்டும். பகல், இரவு எதுவானாலும் ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் இருபது நிமிட இடைவேளை உங்கள் உரிமை. வேலை நேரத்தை மாற்றித் தரும்படி கேட்கவும் 2024 ஏப்ரல் முதல் சேர்ந்த நாளிலிருந்தே உரிமை இருக்கிறது. இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

வேலைக்கு முன் ஜிபி

இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். வந்த வாரமே குடும்ப மருத்துவரிடம், அதாவது ஜிபியிடம், பதிந்துகொள்ளுங்கள். பதிவு இலவசம். இங்கிலாந்தில் முகவரிச் சான்றோ விசா ஆவணமோ இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. மொழி தயக்கமென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பதியும்போதே கேளுங்கள், கட்டணம் இல்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துப் போகாதீர்கள். அப்பாவின் மூலநோயையோ அம்மாவின் மனச்சோர்வையோ மகள் வாயால் சொல்லவைப்பது இருவருக்கும் துன்பம். பாதி விஷயம் சொல்லப்படாமலே போகும்.

பழைய மருத்துவக் குறிப்புகளைக் கொண்டுவந்திருந்தால் எண்களைக் கவனியுங்கள். நம் நாடுகளில் சர்க்கரையை மில்லிகிராம் கணக்கில் 180 என்போம். இங்கே அதே அளவு 10. பதினெட்டால் வகுத்தால் போதும். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி அங்கே 7 சதவீதம் என்றால் இங்கே 53 என்று எழுதுவார்கள். 53 என்ற எண்ணைப் பார்த்து நடுங்கிப்போய் எனக்குத் தொலைபேசிய ஒருவரை எனக்குத் தெரியும்.

இங்கிலாந்தில் மருந்துச் சீட்டு ஒவ்வொரு மருந்துக்கும் காசு கேட்கும். மருந்து எடுக்கும் நீரிழிவு, மாத்திரை தேவைப்படும் தைராய்டு குறைபாடு, தொடர்ந்து மருந்து தேவைப்படும் வலிப்பு போன்ற சில நோய்களுக்கு விலக்குச் சான்றிதழ் உண்டு. ஜிபியிடம் எஃப்பி92ஏ படிவம் கேளுங்கள். ஆஸ்துமா ஏனோ அந்தப் பட்டியலில் இல்லை. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் எல்லாருக்கும் இலவசம்.

பணமும் விசாவும்

நிறுவனம் செய்துதர வேண்டிய நியாயமான மாற்றங்களுக்கு மேலும் உதவி தேவைப்பட்டால் 'ஆக்சஸ் டு வொர்க்' என்ற அரசு உதவித்தொகை இருக்கிறது. சிறப்பு நாற்காலி, பஸ்ஸில் போக முடியாதவருக்கு டாக்சிச் செலவு, வேலையிடத்தில் துணையாள் போன்றவற்றுக்குக் கிடைக்கும். திருப்பிக் கட்ட வேண்டாம். வேலையில் சேர்ந்து ஆறு வாரம் ஆவதற்குள் விண்ணப்பித்தால் நிறுவனம் செலவில் பங்கு போட வேண்டியதில்லை என்பதால் முதலாளிக்கும் முகம் சுளிக்கக் காரணம் இருக்காது. முடிவு வர மாதக்கணக்கில் இழுக்கிறது என்பதுதான் குறை. ஆகவே வேலை உறுதியான அன்றே விண்ணப்பியுங்கள்.

விசாவைப் பொறுத்துச் சில வேறுபாடுகள். அகதி அந்தஸ்து பெற்றவர் எந்த வேலையும் செய்யலாம். தஞ்சக் கோரிக்கை நிலுவையில் இருப்பவர் பொதுவாக வேலை செய்ய முடியாது. அவர் தவறில்லாமல் பன்னிரண்டு மாதம் கடந்தால் அனுமதி கேட்கலாம், அதுவும் குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும். நிறுவனம் ஒன்றின் ஸ்பான்சர்ஷிப்பில் வேலை விசாவில் வந்தவர்கள், சம்பளமில்லாமல் ஆண்டுக்கு நான்கு வாரத்துக்கு மேல் வராமல் இருந்தால் விசா போய்விடும் என்று பயந்து காய்ச்சலோடு வேலைக்குப் போகிறார்கள். சுகவீன விடுப்பு அந்தக் கணக்கில் சேராது. சட்டப்படியான சுகவீனச் சம்பளமும், பொது நிதியைப் பெறக் கூடாது என்று விசாவில் எழுதியிருக்கும் தடைக்குள் வராது. ஆனால் வேலை நேரத்தைக் குறைத்தால் சம்பளம் விசாவின் வரம்புக்குக் கீழே போகக்கூடும். அதைக் கேட்காமல் கையெழுத்திடாதீர்கள்.

முதல் ஏழு நாளுக்கு டாக்டர் சான்று தேவையில்லை, நீங்களே எழுதிக் கொடுக்கலாம். அதற்கு மேல் 'ஃபிட் நோட்' என்னும் மருத்துவச் சான்று வேண்டும். அதில் 'மாற்றங்களோடு வேலை செய்யலாம்' என்றும் எழுதித் தருவார்கள். குறைந்த நேரத்தில் தொடங்குவது, இலகுவான வேலை போன்றவற்றை அதில் எழுதித்தரக் கேளுங்கள்.

இன்சுலின் போடுபவர் டெலிவரிக்கோ டாக்சிக்கோ போவதானால் ஓட்டுநர் உரிமம் தரும் அரசு அமைப்பான டிவிஎல்ஏவுக்கு அறிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் 1,000 பவுண்டு வரை அபராதம். ஓட்டத் தொடங்கும் முன்னும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் சர்க்கரையை அளக்க வேண்டும். 5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் முதலில் ஏதாவது சாப்பிட வேண்டும். வலிப்பு வந்தவர் உடனே வண்டி ஓட்டுவதை நிறுத்தி அறிவிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு உங்களை ஓரங்கட்டினால் வேலைத் தகராறுகளுக்கு ஆலோசனை தரும் ஏகாஸ் அமைப்பை முதலில் அழையுங்கள், இலவசம். தீர்ப்பாயம் போகும் வழக்குகளுக்குக் காலக்கெடு குறுகியது. மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு என்று மனதில் வைத்து நடந்தால் நட்டம் வராது. ஷிப்ட் வராமல் நான் காத்திருந்தது ஐந்து மாதம்.

இப்போது இருக்கும் வேலையில் மேசையின் மேல் இழுப்பறையில் குளுக்கோஸ் மாத்திரைக் குழாய் ஒன்று கிடக்கிறது. முதல் நாளே பக்கத்து மேசைக்காரருக்கு அதைக் காட்டி, நான் சம்பந்தமில்லாமல் பேசினால் இதில் நான்கை வாயில் போடச் சொல்லுங்கள், விழுங்க முடியாமல் கிடந்தால் எதையும் கொடுக்காமல் 999 அழையுங்கள் என்று சொல்லிவைத்தேன். அவர் இப்போதெல்லாம் தானே இழுப்பறையைத் திறந்து காலாவதித் தேதி பார்க்கிறார். சம்பந்தமில்லாமல் நான் தினமும்தான் பேசுகிறேன், எந்த நாளில் கொடுப்பது என்று அவருக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது.