ரிங்ஸ்ல கை வழுக்குதா? வேர்வை கைக்காரங்களுக்கு

நான் ரிங்ஸ், அதாவது ஸ்ட்ராப்ல தொங்குற ரெண்டு ஜிம்னாஸ்டிக்ஸ் வளையத்துல, பண்றது சென்னைல, எங்க வீட்டு மொட்டை மாடில தண்ணி டேங்க் நிக்குற இரும்பு ஃபிரேம்ல மாட்டி. மூணு வருஷம் ஆச்சு. ஏப்ரல் மே வந்தா ரெண்டாவது செட்லயே கை சோப்பு தடவுன மாதிரி ஆயிடும், அப்படி ஒரு நாள் மஸில் அப் (தொங்கி இழுத்து அப்படியே ரிங்குக்கு மேல ஏறுறது) பாதில இருக்கும்போது வலது கை மட்டும் நழுவி தோள்பட்டை திருகிக்கிச்சு, ரெண்டு மாசம் தொங்கவே முடியல. அந்த ரெண்டு மாசத்துலதான் இந்த வேர்வை எங்கிருந்து வருது, எப்ப வருது, எதைத் தடவுனா நிக்குது, எதைத் தடவுனா இன்னும் மோசமாகுதுன்னு உக்காந்து யோசிச்சேன். கையில தண்ணியா ஊத்துறவங்களுக்காக அதை எழுதுறேன்.

புல் அப் பார்ல கை கொஞ்சம் நழுவுனா விரலை மாத்தி பிடிச்சுக்கலாம், பார் அங்கேயேதான் இருக்கும். ரிங் அப்படி இல்ல, அதுவும் சுத்தும், ஸ்ட்ராப்பும் ஆடும், ஒரு கை லூசாச்சுன்னா மொத்த எடையும் அடுத்த தோளுக்குப் போயிடும். அதனால "வழுக்குனா பாத்துக்கலாம்"னு ரிங்ஸ்ல ஏறாதீங்க.

முதல்ல நான் கவனிச்சது, வேர்வை ஓடுற திசை. தொங்கும்போது கை மேல இருக்கு, உள்ளங்கைல வர்ற வேர்வை முழங்கை பக்கமா கீழ இறங்கிடும். சப்போர்ட்ல, அதாவது ரிங்குக்கு மேல கைய ஊணி நிக்கும்போது, அங்கிருந்து முழங்கையை மடக்கி இறங்கி ஏறுற டிப்ஸ் பண்ணும்போது அப்படியே தலைகீழ். தோள்லயும் முன்கைலயும் வர்ற வேர்வை எல்லாம் கை வழியா ஒழுகி நேரா ரிங்குக்கு வந்து சேரும். அதாவது உள்ளங்கை நல்லா காஞ்சு இருந்தாலும் மேல இருந்து தண்ணி வந்துக்கிட்டே இருக்கு, பிடிமானத்துக்குத் தடவுற சாக் பவுடர் எவ்ளோ போட்டாலும் அது மாவு பிசைஞ்ச மாதிரி ஆயிடுது. இதுக்கு சாக்கை விட துண்டுதான் பெரிய மருந்து. செட்டுக்கு முன்னாடி கைய மட்டும் துடைக்காம தோள்ல ஆரம்பிச்சு முன்கை, மணிக்கட்டுன்னு மேல இருந்து கீழ துடைங்க, கடைசியா உள்ளங்கை. காட்டன் ஸ்வெட்பேண்ட் (வேர்வை உறிஞ்சுற கைப்பட்டை) போடுறதா இருந்தா மணிக்கட்டுல போடாதீங்க, ஃபால்ஸ் கிரிப்புக்கு (மணிக்கட்டை மடக்கி ரிங் மேல வச்சு பிடிக்குற பிடி) அந்த இடம் வேணும், முழங்கைக்கு கொஞ்சம் கீழ ஏத்தி போடுங்க, வர்ற தண்ணிய அங்கயே உறிஞ்சிடும். எனக்கு டிப்ஸ்ல பாதி பிரச்சனை இதுலயே தீந்துச்சு.

அடுத்தது எண்ணெய். நம்ம ஊர்ல தலைக்கு தேங்காய் எண்ணெய் வைக்காம யாரு வெளிய கிளம்புறா, நடுவுல நெத்தி வேர்வைய வழிக்கும்போதும் முடிய ஒதுக்கும்போதும் அந்த எண்ணெய் கைக்கு வந்துடும். எண்ணெய் மேல சாக் பிடிக்காது. சன்ஸ்கிரீன், மாய்ஸ்சரைசர் எல்லாம் இதே கதைதான். ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி சாதாரண சோப்பு போட்டு கைய நல்லா கழுவுங்க, க்ரீம் கலந்த சோப்பு வேண்டாம், நல்லா எண்ணெய் வச்ச நாள்ல பாத்திரம் விளக்குற சோப்பே போடலாம். கழுவிட்டு ஃபேனுக்குக் கீழ முழுசா காய விடுங்க. தலைல ஒரு துணி கட்டிக்கிட்டா நடுவுல கை அங்க போகாது.

இப்ப சாக். ஜிம்னாஸ்டிக்ஸ் சாக்னா அது மெக்னீசியம் கார்பனேட், பள்ளிக்கூடத்துல கரும்பலகைல எழுதுற சாக்பீஸ் கிடையாது, அதை இடிச்சு தடவுனா வேலைக்கு ஆகாது. டால்கம் பவுடர் போடவே போடாதீங்க, டால்க்கோட குணமே வழவழப்புதான், முதல் அஞ்சு செகண்ட் காஞ்ச மாதிரி தெரியும், அப்புறம் ரிங் கையில நிக்காது. கேரம் போர்டு பவுடரையும் ஒருத்தர் டிரை பண்ணி நான் பாத்திருக்கேன், காய் வழுக்கிட்டுப் போகணும்னுதானே அதைப் போடுறோம், அதைப் போய் பிடிமானத்துக்குப் போடலாமா?

சாக் போடுறதுல எல்லாரும் பண்ற தப்பு, ஈரக் கைல போடுறது. ஈரத்துல போட்டா சேறு மாதிரி ஒரு படலம் உருவாகும், அது ரிங்ல ஒட்டி காஞ்சு மேல மேல ஏறி கடைசில பாலிஷ் போட்ட மாதிரி ஆயிடும். துடைச்சு, காய விட்டு, அப்புறம் கொஞ்சமா எடுத்து தேய்ச்சு, ரெண்டு கையையும் தட்டி மிச்சத்தை உதறுங்க. கை ரேகை லேசா தெரியணும், முழு வெள்ளையா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருந்தா அது அதிகம். விரல் இடுக்குலயும் கட்டை விரல் உள்பக்கமும் தடவ மறக்காதீங்க.

ஃபால்ஸ் கிரிப் பண்றவங்களுக்கு ஒண்ணு தனியா சொல்லணும். ரிங் அங்க உக்காருறது உள்ளங்கைல மட்டும் இல்ல, சுண்டுவிரல் பக்கம் உள்ளங்கை முடியுற அந்த மேட்டுலயும் மணிக்கட்டு மடிப்புலயும்தான். ஆனா சாக் போடும்போது எல்லாரும் உள்ளங்கைல மட்டும் போட்டுட்டு ஏறிடுவாங்க. மணிக்கட்டுக்கு மேல ரெண்டு விரல் அகலத்துக்கு போடுங்க, உள்பக்கமும் சுண்டுவிரல் பக்கமும். அந்த இடத்துல தோல் மெல்லிசு, புதுசா பண்ணா சீக்கிரம் உரிஞ்சிடும், அதனால கால் தரைல வச்சு பாதி எடையோட 10 செகண்ட், 15 செகண்ட்னு ஆரம்பிங்க. ஆரம்பத்துல மணிக்கட்டை நேராக்கிட்டா ரிங் நழுவி விரலுக்கு வந்துடும், அது வேர்வை இல்ல, மணிக்கட்டு பலம் பத்தலன்னு அர்த்தம், ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

ரிங் எதுல செஞ்சதுன்னு பாருங்க. பிளாஸ்டிக் ரிங் விலை கம்மி, நனைஞ்சாலும் ஊறாது, ஆனா வேர்வை கைக்கு அது சரிப்படாது, தண்ணி அது மேலயே நிக்கும். மரம் கொஞ்சமாவது உறிஞ்சும், சாக்கும் அதுல பிடிக்கும். சர்வதேச போட்டில வர்ற ரிங் 28 மில்லிமீட்டர் தடிமன், உள் விட்டம் 18 சென்டிமீட்டர். கடைல 32 மில்லிமீட்டரும் நிறைய விக்குறாங்க, கை சின்னதா இருந்து வேர்க்கவும் செஞ்சா 28 எடுங்க, விரல் முழுசா சுத்தி வந்தா பிடி தானா கூடும். புது மர ரிங்ல சில சமயம் பளபளன்னு வார்னிஷ் இருக்கும், 220 நம்பர் உப்புத்தாளை வச்சு மரத்தோட வரி போற திசையிலயே லேசா தேயுங்க, பளபளப்பு போனா போதும், ஆழமா தேய்க்க வேண்டாம். பழைய ரிங்ல சாக் படிஞ்சு கெட்டியாயிருந்தா காஞ்ச டூத் பிரஷ் போட்டு தேய்ச்சு, பிழிஞ்ச துணில துடைச்சு, நிழல்ல காய வைங்க. ராத்திரி மாடிலயே விட்டுட்டு வராதீங்க, பனில மரம் ஊறும். ஸ்ட்ராப் பக்கிள் பல்லுல சாக் தூள் அடைச்சிருந்தா அதையும் தட்டி எடுங்க, ஸ்ட்ராப் நழுவுனா கை வழுக்குறதை விட ஆபத்து.

சாக் கிடைக்கலன்னா, இல்ல அதுவும் பத்தலன்னா ரிங்ல டேப் சுத்தலாம். மெடிக்கல் ஷாப்ல கிடைக்குற துணி பிளாஸ்திரி போதும், பாதிக்குப் பாதி மேல ஏறுற மாதிரி ஒரே அடுக்கு இறுக்கமா சுத்துங்க. எலக்ட்ரீஷியன் டேப் வேண்டாம், அது பிளாஸ்டிக். டேப் சொரசொரப்பா இருக்குறதால தோலை அதிகம் அறுக்கும், அதனால ஃபால்ஸ் கிரிப் பழகுற வரைக்கும் வச்சுட்டு அப்புறம் பிரிச்சுடுறது என் வழக்கம்.

நிறைய ஜிம்ல பவுடர் விட மாட்டாங்க, அங்க லிக்விட் சாக்தான். ஆல்கஹால்ல கலந்த அதே மெக்னீசியம் கார்பனேட். பட்டாணி அளவு ஊத்தி தேய்ச்சு ஆல்கஹால் முழுசா பறக்குற வரைக்கும் கைய விரிச்சு வைங்க, அவசரப்பட்டு பிடிச்சா வேஸ்ட். ரொம்ப வேர்க்குறவங்களுக்கு நான் சொல்றது, அடில லிக்விட் சாக், மேல செட்டுக்கு செட் கொஞ்சம் பவுடர். சானிடைசரை வச்சு கைய காய வைக்கலாம்னு நினைக்காதீங்க, நிறைய சானிடைசர்ல கிளிசரின் இருக்கும், பிசுபிசுன்னு ஆயிடும்.

தோல் கிரிப்ஸ் கேப்பீங்க. போட்டில ஜிம்னாஸ்ட்ஸ் போடுற கிரிப்ஸ்ல விரல் பக்கம் ஒரு சின்ன உருளை இருக்கும், அது பெரிய ஸ்விங்குக்காக. நம்ம மாதிரி புல் அப், டிப்ஸ், மஸில் அப் பண்றவங்களுக்கு அது தேவைப்படாது, சைஸ் சரியில்லாம போட்டா மாட்டிக்குற அபாயமும் இருக்கு. கோச் இல்லாம அதுக்குப் போகாதீங்க. ஜிம் கிளவுஸும் வேண்டாம், உள்ள துணி நனைஞ்சதும் கை கிளவுஸுக்குள்ளயே சுத்தும்.

நேரத்தை பத்தி. விடியற்காலைல பண்ணா வேர்க்காதுன்னு ரொம்ப நாள் நினைச்சேன். சூடு கம்மிதான், ஆனா காத்துல ஈரப்பதம் அப்பதான் உச்சத்துல இருக்கும், வேர்வை காயவே காயாது. இப்ப வெயில் இறங்கி கடல் காத்து வீசுற நேரத்துல பண்றேன், மாடில ஒரு டேபிள் ஃபேனும் வச்சுக்குறேன், ரெஸ்ட்ல கைய அதுக்கு நேரா நீட்டிடுவேன். கஷ்டமானதை, அதாவது மஸில் அப், ஃபால்ஸ் கிரிப் எல்லாத்தையும் உடம்பு நனையுறதுக்கு முன்னாடி முடிச்சுடுங்க. 8 தடவை ஒரே மூச்சுல பண்றதுக்கு பதிலா நாலு நாலா பிரிச்சு நடுவுல துடைங்க.

உள்ளங்கை வேர்க்குறதுல மனசுக்கும் பங்கு இருக்கு, பயம் பதட்டம் வந்தா மத்த இடத்தை விட அங்கதான் உடனே சுரக்கும். புது மூவ் டிரை பண்ணும்போது கை நனையுறது அதனாலதான். ரிங்கை நெஞ்சு உயரத்துக்கு இறக்கி, கால் தரைல வச்சு, கீழ ஒரு மெத்தை போட்டு பழகுனா பயமும் குறையும், வேர்வையும் குறையும்.

ஏசி ரூம்ல சும்மா உக்காந்திருக்கும்போதே கை சொட்டுது, பேப்பர் நனையுதுன்னா அது வேற விஷயம், தோல் டாக்டரை பாருங்க. அலுமினியம் குளோரைடு லோஷன் தருவாங்க, ராத்திரி காஞ்ச கைல தடவி காலைல கழுவணும், தண்ணில கைய வச்சு லேசான கரண்ட் குடுக்குற சிகிச்சையும் இருக்கு. நரம்பை வெட்டுற ஆபரேஷன் பத்தி யாராவது சொன்னா அவசரப்படாதீங்க, அதுக்கப்புறம் முதுகு, வயிறுன்னு வேற இடத்துல அதிகமா வேர்க்க வாய்ப்பு இருக்கு, டாக்டர்கிட்ட அதை முழுசா கேட்டு தெரிஞ்சுக்கோங்க.

ஒவ்வொரு செட்டுக்கு முன்னாடியும் நான் ஒண்ணு பண்ணுவேன். கால் தரைல இருக்கும்போதே ரிங்கை பிடிச்சு, முழங்காலை மடக்கி எடையை மெதுவா இறக்கி அஞ்சு செகண்ட் தொங்கிப் பாப்பேன். ரிங் கைக்குள்ள ஒரு நூல் நகந்தாலும் இறங்கிடுவேன். திரும்ப துடைப்பேன், சாக் போடுவேன், திரும்ப தொங்கிப் பாப்பேன். மூணாவது தடவையும் நகந்துச்சுன்னா அன்னைக்கு ரிங்கை கழட்டி வச்சுட்டு தரைல புஷ் அப் பண்ணிட்டு வந்துடுவேன்.