இயர்போன் சோதிக்க ஆல்பத்தின் முதல் பாட்டு

கொழும்பில் புறக்கோட்டையிலோ பம்பலப்பிட்டியிலோ இயர்போன் வாங்கப் போகிறீர்களா? உங்களுக்கு மனப்பாடமான ஓர் ஆல்பத்தின் முதல் பாட்டை வீட்டு வைஃபையிலேயே போனில் இறக்கிக்கொண்டு போங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டை நம்ப வேண்டாம். அது எந்த மலிவு இயர்போனிலும் 'டம் டம்' என்று நன்றாகத்தான் கேட்கும்.

முதல் பாட்டுகள் பல மெல்லத் தொடங்கி, பிறகுதான் வாத்தியங்களை ஒவ்வொன்றாக உள்ளே விடும். அந்த அமைதியான தொடக்கத்தில் இரைச்சல் இருந்தால் உடனே பிடிபடும். வாத்தியங்கள் சேரும்போது இடது வலது பிரிவும் தெரிந்துவிடும். பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் 1973 ஆல்பமான 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' இதற்கு அருமை. இதயத் துடிப்பு மெல்ல எழும், அப்புறம் கடிகாரம், சிரிப்பு, அலறல். ஒரு நிமிடம் கேட்டால் போதும். துடிப்பே காதில் விழவில்லையென்றால் அந்த இயர்போனில் தாழ்ந்த ஒலி (பேஸ்) சரியாக வரவில்லை.

மோனோவில் பதிவான பழைய திரைப்பாடல்கள் சரிவராது, இரண்டு காதிலும் ஒரே ஒலிதான் வரும். போன் அமைப்பில் மோனோ ஆடியோ போட்டிருந்தாலும் அப்படித்தான். தெருவோரக் கடை என்றால் பஸ் ஹோர்னில் மெல்லிய தொடக்கம் காணாமல் போய்விடும். கொஞ்சம் உள்ளே தள்ளி நின்று கேளுங்கள். அழைப்புக்கு மட்டும்தான் வாங்குகிறீர்கள் என்றால் பாட்டை விடுங்கள், யாருக்காவது ஒரு கோல் எடுத்து மைக்கைப் பாருங்கள்.