காருக்கு டூயல் பேண்ட் ஹேம் ரேடியோ செட் (ரிக்) மாட்டப் போறீங்களா? முதல்ல வயரப் பாருங்க

ஹேம் ரேடியோல, அதாவது லைசென்ஸ் வாங்கி பொழுதுபோக்குக்குப் பேசற ரேடியோல, ரெண்டு வருஷம் ஹேண்டிய (கையில பிடிக்கற சின்ன செட்) வச்சே ஓட்டினேன். ரிப்பீட்டர் (நம்ம சிக்னல வாங்கித் திரும்ப அனுப்பற நிலையம்) பக்கத்துல இருந்தா அது போதும், ஆனா கார்குள்ள உக்காந்து பேசினா தகடே பாதி சிக்னலத் தின்னுடும், "ஓஎம், உங்க வாய்ஸ் வெட்டி வெட்டி வருது"ன்னு எதிர்ல சொல்லிட்டே இருப்பாங்க (ஓஎம்னா ஹேம்ங்க ஒருத்தர ஒருத்தர் கூப்பிடறது). சரின்னு ஒரு சீனியர் ஹேம் கிட்ட இருந்து பழைய கென்வுட் டிஎம்-வி71ஏ வாங்கினேன், ரெண்டு பேண்ட்லயும் (விஎச்எஃப், யுஎச்எஃப்னு ரெண்டு அலைவரிசைப் பகுதி) 50 வாட். வீட்டுக்கு வந்ததும் பொறுமை இல்ல, கிடந்த 1 ஸ்கொயர் எம்எம் வயர பேட்டரில இருந்து டேஷ்போர்டு வரைக்கும் இழுத்து முறுக்கி டேப் சுத்தி ஆன் பண்ணிட்டேன். ரிசீவ் பிரமாதம். லோ பவர்லயும் பிரச்சனை இல்ல. ஹைல வச்சு பிடிடிய (மைக்ல இருக்கற பேசற பட்டன்) அமுக்கினேன் பாருங்க, டிஸ்ப்ளே மங்குது, எதிர்ல இருந்தவர் தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்குங்கறார், ரெண்டாவது தடவ அமுக்கினப்போ ரிக்கே ஆஃப்.

வித்தவர் ஏமாத்திட்டாரோன்னு கூட நினைச்சேன், பொய் சொல்லக் கூடாது. போன் பண்ணா அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "தம்பி, மீட்டர வச்சுப் பாத்தியா?"

பாக்கல. அப்புறம் பாத்தேன். என்ஜின் ஆஃப்ல இருக்கும்போது பேட்டரில 12.6 வோல்ட், பிடிடிய அமுக்கினா பேட்டரி முனையில 12.3, அதே நேரம் ரிக்கோட பின்னாடி 10.9. இந்த ரிக்குக்கு 13.8 வோல்ட்ல கூடக்குறைய 15 சதவீதம் வரைக்கும் ஓகே, அதாவது கீழ போனா 11.7 தான் எல்லை. நான் அதுக்கும் கீழ வச்சு அதை அழ விட்டுட்டு இருந்திருக்கேன்.

கணக்கு ரொம்ப சிம்பிள். 50 வாட்ல இந்த மாதிரி ரிக் எல்லாம் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். 1 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் மீட்டருக்கு கிட்டத்தட்ட 18 மில்லி ஓம், பேட்டரில இருந்து ரிக்குக்கு 4 மீட்டர்னா போக வர 8 மீட்டர், 10 ஆம்பியர் போனா 1.4 வோல்ட் வயர்லயே போயிடும். 2.5 ஸ்கொயர்னா 0.6 வோல்ட், 6 ஸ்கொயர்னா கால் வோல்ட் தான். வீட்டு வயரிங் கடையில கிடைக்கற மல்டி ஸ்ட்ராண்ட் செம்பு வயரே போதும், நான் 6 ஸ்கொயர் போட்டேன். ஆனா கம்பி நிஜமா செம்புதானான்னு சுரண்டிப் பாருங்க, அலுமினியத்துக்கு மேல செம்புப் பூச்சு போட்டதும் விலை கம்மின்னு விக்கறாங்க, அதுல இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

வயர் இழுக்கறப்போ என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தகடுல ஏற்கனவே ஒரு பெரிய ரப்பர் க்ரோமெட் இருக்கும், அது வழியாவே விடுங்க, புதுசா ஓட்டை போட்டீங்கன்னா ஓரத்துல வயர் உரசி உரசி ஒரு நாள் ஷார்ட் ஆயிடும். ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்துலயே இருக்கணும், ஒரு அடிக்குள்ள. ரிக் பக்கம் மட்டும் ஃப்யூஸ் வச்சா நடுவுல வயர் ஷார்ட் ஆனா காப்பாத்த ஆளே இல்ல. ஃப்யூஸ் போகுதுன்னு பெரிய ஃப்யூஸ் போடற வேலையே வேணாம், அது ஏன் போகுதுன்னு பாருங்க.

நெகட்டிவ் விஷயத்துல பழைய ஆளுங்க "நேரா பேட்டரிக்கே போ"ம்பாங்க. பழைய காருக்கு அது சரி. இப்ப வர்ற பல கார்ல பேட்டரி நெகட்டிவ் முனையிலயே ஒரு கரண்ட் சென்சார் உக்காந்திருக்கு, அதைத் தாண்டி முனையில மாட்டினா நீங்க இழுக்கற கரண்ட் காரோட கணக்குலயே வராது. அதனால நெகட்டிவ் கேபிள் பாடில எங்க போல்ட் ஆகுதோ அங்க, பெயின்ட்ட சுரண்டிட்டு லக் போட்டு டைட் பண்ணுங்க. சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகலாமான்னு எல்லாரும் கேக்கறாங்க. 5 வாட், 10 வாட்னா பரவால்ல, 50 வாட்டுக்கு வேணாம், அந்த லைனுக்கு இருக்கற ஃப்யூஸே கொஞ்சந்தான், சொருகற இடமும் சூடாகி உருகும்.

இனிமே வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணு. டூயல் பேண்ட்னு எழுதியிருந்தா ரெண்டு பேண்டும் ஒரே நேரத்துல கேக்கும்னு அர்த்தம் இல்ல. யேசு எஃப்டி-7900ஆர் நல்ல ரிக், ஆனா அதுல ஒரே ரிசீவர் தான், விஎச்எஃப் கேட்டா யுஎச்எஃப் கிடையாது. வி71ஏ, ஐகாம் ஐசி-2730ஏ மாதிரி ரிக்ல ரெண்டு ரிசீவர், ரிப்பீட்டரும் ஓடும், கூட வர்ற காரோட சிம்ப்ளெக்ஸும் (ரிப்பீட்டர் இல்லாம நேரடிப் பேச்சு) ஓடும். ரிப்பீட்டர் மட்டும் தான்னா ஒரு ரிசீவர் போதும், காசு மிச்சம். எதுவா இருந்தாலும் லைசென்ஸ் கையில வந்த பிறகு வாங்குங்க, அதுல உங்க கிரேடுக்கு எவ்வளவு பவர்னு போட்டிருக்கும், ரிக்ல 50 இருக்குங்கறதுக்காக 50 விடக் கூடாது. லைசென்ஸ் காப்பி டேஷ்போர்டுல இருக்கட்டும், செக்போஸ்ட்ல மைக்கப் பாத்ததும் வாக்கி டாக்கியான்னு ஆரம்பிச்சா காட்டறதுக்கு ஆகும்.

ரிக் பாடிய சீட்டுக்கு அடில வச்சு முகத்த மட்டும் கழட்டி டேஷ்போர்டுல வச்சேன். சீட்டுக்கு அடில வைக்கறவங்க பின்னாடி இருக்கற ஃபேனுக்கு மூணு விரல் இடம் விடுங்க, மேட் நகர்ந்து மூடிடாமப் பாத்துக்குங்க. நம்ம ஊரு மே மாசத்துல ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்ன கார்ல ஏறினதும் ஹை பவர்ல நீளமா பேசினா ரிக் தொட முடியாது. ஏர்பேக் மூடிக்கு முன்னாடி எதையும் ஒட்டாதீங்க, சொல்லணும்னே இல்ல, ஆனாலும் ஒட்டறாங்க.

இப்ப ஆன்டெனா. 2 மீட்டர் பேண்டுக்கு (விஎச்எஃப்) குவார்ட்டர் வேவ் விப், அதாவது அலை நீளத்துல கால் பங்கு இருக்கற குச்சி, சுமார் 49 சென்டிமீட்டர், இதே குச்சி 70 சென்டிமீட்டர் பேண்ட்ல (யுஎச்எஃப்) முக்கால் வேவா வேலை செய்யும், அதனால எளிமையான ஒரு குச்சியே ரெண்டு பேண்டுக்கும் ஆகுது. ஒரு மீட்டர் நீளத்துல கெயின் விப் இருக்கு, ரோட்ல நல்லாருக்கும், ஆனா மரக்கிளை, பார்க்கிங் கூரை எல்லாம் அடிச்சு வளைஞ்சுடும், நான் குட்டைக்குச்சி கட்சி. மேக்னெட் மவுன்ட்ட கூரைக்கு நடுவுல வைங்க, ஓரத்துல வச்சா சிக்னல் ஒரு பக்கம் தூக்கும் ஒரு பக்கம் விழும். வாரத்துக்கு ஒரு தடவ எடுத்து அடியில துடைங்க, மண் துகள் மாட்டினா பெயின்ட் போச்சு.

விப்ப வெட்டற விதம் சொல்றேன், ஏன்னா ஒரு குச்சிய வெட்டிக் குட்டையாக்கி வீணாக்கினவன் நான். நானோ விஎன்ஏ (ஆன்டெனா அளக்கற சின்ன மீட்டர்) இருந்தா கோக்ஸ் (ஆன்டெனா கேபிள்) முனையில கேலிபிரேட் பண்ணிட்டு எஸ்டபிள்யூஆர் (பவர் ஆன்டெனால போகாம எவ்வளவு திரும்புதுன்னு காட்டற அளவு) எந்த ஃப்ரீக்வன்சில குறைவா இருக்குன்னு பாருங்க. என்னோடது 50.5 சென்டிமீட்டர், அந்தக் குறைவான இடம் 141 மெகாஹெர்ட்ஸ்ல விழுந்துச்சு. நமக்கு வேண்டியது 145. நீளத்த 141ஆல பெருக்கி 145ஆல வகுத்தா 49.1, அதாவது 14 மில்லிமீட்டர் எடுக்கணும். ஒரே வெட்டா எடுக்காதீங்க, முதல்ல 8, அப்புறம் பாத்துட்டு 3, அப்புறம் மிச்சம். கதவு, டிக்கி எல்லாம் மூடி, நீங்க ரெண்டு அடி தள்ளி நின்னு அளங்க, பக்கத்துல நின்னா உங்க உடம்பே அளவ மாத்தும். எஸ்டபிள்யூஆர் ஒன்றரைக்குக் கீழ வந்தா விட்டுடுங்க, 1.1 வரணும்னு ஞாயித்துக்கிழமையெல்லாம் செலவு பண்றது வேஸ்ட்.

கோக்ஸ் ஆர்ஜி-58 தான் கூட வரும். 5 மீட்டருக்கு விஎச்எஃப்ல 1 டிபி (டெசிபல்), யுஎச்எஃப்ல 2 டிபி கிட்ட இழப்பு போகும், அதாவது 50 வாட்ல யுஎச்எஃப் பக்கம் 30 சொச்சம் தான் மேல சேரும். கார்ல 5 மீட்டர் தேவையே இல்ல, மிச்சத்த சுருட்டி சீட்டுக்கு அடில திணிக்காம வெட்டி பிஎல்-259 கனெக்டர் புதுசா அடிங்க. டிக்கிக் கதவு ரப்பர் பீடிங் வழியா கொண்டு வாங்க, கதவு அழுத்தி கோக்ஸ் தட்டையாச்சுன்னா அந்த இடம் காலி.

எல்லாம் முடிச்சு என்ஜின ஸ்டார்ட் பண்ணதும் ரிசீவ்ல ஒரே இரைச்சல். ஆல்டர்னேட்டர்னு நினைச்சு ரெண்டு நாள் சுத்தினேன், கடைசில பாத்தா டேஷ்கேமோட யுஎஸ்பி சார்ஜர், என்ஜின் ஓடும்போது மட்டும் அதுக்கு கரன்ட் வருது, அதான் குழப்பிடுச்சு. சார்ஜர மாத்தி கேபிள்ல இரைச்சல அடக்கற ஒரு க்ளிப் ஃபெரைட் போட்டதும் பாதிக்கு மேல அடங்கிடுச்சு. நீங்களும் ஃபில்டர் வாங்கறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா சொருகினத எல்லாம் கழட்டிப் பாருங்க. ஆக்சிலரேட்டர மிதிக்க மிதிக்க கீச்சுன்னு ஏறினா தான் ஆல்டர்னேட்டர்.

ப்ரோக்ராமிங்க்கு (கம்ப்யூட்டர்ல இருந்து சேனல் ஏத்தறதுக்கு) சிர்ப்ங்கற சாஃப்ட்வேர் இலவசமா கிடைக்குது, வி71ஏக்கு கென்வுட்டோட எம்சிபி-2ஏவும் இருக்கு. எதுவா இருந்தாலும் முதல்ல ரிக்ல இருக்கறத ரீட் பண்ணி தனியா சேவ் பண்ணிட்டு அப்புறம் ரைட் பண்ணுங்க. கேபிள் மலிவா வாங்கினா உள்ள போலி சிப் இருக்கும், விண்டோஸ் டிரைவர் அத ஒதுக்கிடும், எஃப்டிடிஐ சிப் போட்டதா வாங்குங்க. நெட்ல கிடைக்கற அமெரிக்கா லிஸ்ட்ட அப்படியே ஏத்தாதீங்க, நமக்கு 144ல இருந்து 146, 434ல இருந்து 438 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் தான், அவங்களோட 146க்கு மேல இருக்கற சேனல் இங்க ஹேமுக்கு இல்ல. புதுசா வர்றவங்க எல்லாரும் மாட்டற இடம் டோன், அதாவது ரிப்பீட்டர் திறக்க பேச்சோட கூட அனுப்பற காதுல விழாத ஒலி. ரிப்பீட்டர் காதுக்கு நல்லா விழுது, ஆனா நீங்க கூப்பிட்டா திறக்கலன்னா ஷிஃப்ட் (கேக்கற ஃப்ரீக்வன்சிக்கும் அனுப்பறதுக்கும் இருக்கற வித்தியாசம்) விஎச்எஃப்ல மைனஸ் 600 கிலோஹெர்ட்ஸ் இருக்கா, டோன் சரியா இருக்கான்னு பாருங்க. டிஸ்ப்ளேல டி வந்தா டோன் அனுப்பும், சிடி வந்தா வர்ற சிக்னல்லயும் அதே டோன் இருந்தா தான் ஸ்பீக்கர் திறக்கும், ரிப்பீட்டர் டோன் திருப்பி அனுப்பலன்னா நீங்க மௌன விரதம் தான்.

பவர் பத்தி என் அனுபவம், முக்கால்வாசி நேரம் 5 வாட்லயே ஓட்டறேன். 50ல இருந்து 5க்கு இறக்கினா 10 டிபி, எதிராளி மீட்டர்ல ரெண்டு எஸ் யூனிட் (சிக்னல் பலத்தோட அளவு) கூட இறங்காது. ஆனா 5 வாட்டுன்னா கரண்டும் பத்துல ஒண்ணாயிடும்னு நம்பாதீங்க, என் ரிக் 3 ஆம்பியருக்கு மேல இழுக்குது. உயரம் தான் உண்மையான பவர். ஏற்காடு 20 கொண்டை ஊசி வளைவுல ஏற ஏற மலைக்கு மறைவான பக்கம் சிக்னல் சுத்தமா செத்துப் போகும், அடுத்த வளைவு திரும்பினா முழுசா வரும், மேல போய் நின்னா சமவெளிக்கு 1200 மீட்டர் உயரம், ரேடியோ அடிவானமே 140 கிலோமீட்டர் தூரம். அங்க 5 வாட்ல பேசினது கீழ 50ல வரல.

இதே ரிக்ல ஸ்பேஸ் ஸ்டேஷன் ரிப்பீட்டரும் ட்ரை பண்ணலாம். மேல அனுப்ப 145.990 மெகாஹெர்ட்ஸ், 67 ஹெர்ட்ஸ் டோன், கேக்க 437.800. யுஎச்எஃப்ல டாப்ளர் (ஸ்டேஷன் வேகமா நகர்றதால ஃப்ரீக்வன்சி மாறறது) 10 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் இழுக்கும், அதனால 437.810, 805, 800, 795, 790ன்னு அஞ்சு மெமரி போட்டு வச்சு, வரும்போது மேல இருந்து ஆரம்பிச்சு தலைக்கு மேல போகும்போது நடுவுல, போகும்போது கீழன்னு மாத்திட்டே வாங்க. பத்து நிமிஷம் தான் கிடைக்கும், காரை ஓரமா நிறுத்திட்டுப் பண்ணுங்க, கூரைக்குப் பக்கத்துல யாரும் நிக்காம.

அப்புறம் வாட்டர் சர்வீசுக்கு விடறதுக்கு முன்னாடி விப்ப கழட்டிடுங்க. நான் மறந்தேன், பையன் துடைக்கற துணிய அதுல மாட்டி இழுத்திருக்கான், மேக்னெட் கூரைல நீளமா ஒரு கோடு போட்டுட்டுத் தான் நின்னுச்சு.