எமர்ஜென்சியில் கேஷ்லெஸ் வாங்குவது எப்படி? முதல்முறை பாலிசி எடுத்தவர்களுக்கு

அப்பாவை நெஞ்சுவலியோடு நள்ளிரவில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தபோது, மருத்துவ இன்சூரன்ஸ் பாலிசி இருந்தும் எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கேஷ்லெஸ் என்றால் மருத்துவமனை பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேரடியாகக் கட்டுவது. அன்று பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் சிகிச்சை. அட்வான்ஸ் கட்டாததால் அவசர சிகிச்சையை மறுக்கக் கூடாது. அரசு மருத்துவரோ தனியாரோ, உயிரைக் காப்பதே முதல் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

2. டூட்டி டாக்டரிடம் நிதானமாகப் பேசுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். "பிபி எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டார். அம்மா பதற்றத்தில், "ரொம்ப வருஷமா இருக்கு டாக்டர்" என்றார். உண்மையில் கண்டுபிடித்து 8 மாதம்தான். கேஸ் ஷீட்டில் ஏறிய அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, பாலிசிக்கு முன்பே நோய் இருந்ததா என்று கம்பெனி கேட்டது. மருந்து டப்பாவுக்கு அடியில் மடித்துக் கிடந்த பழைய சீட்டைத் தம்பி தேடிக்கொண்டு வந்த பிறகுதான் அனுமதி கிடைத்தது. எதையும் மறைக்க வேண்டாம். உள்ளதைத் தேதியோடு சொல்லுங்கள். பழைய சீட்டுகளை இன்றே போட்டோ எடுத்து போனில் வையுங்கள்.

3. இன்சூரன்ஸ் டெஸ்க்கில் பாலிசி கார்டு, ஆதார் கொடுத்து ப்ரீ-ஆத் (முன் அனுமதி) படிவத்தைக் கம்பெனிக்கு அனுப்பச் சொல்லுங்கள். நீங்களும் கம்பெனிக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லிவிடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ ஆணையத்தின் 2024 விதிப்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும்.

4. ரூம் எடுக்குமுன் பாலிசியில் வாடகை வரம்பு உண்டா என்று பாருங்கள். 5 லட்சம் பாலிசியில் 1 சதவீதம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய். நீங்கள் 10,000 ரூபாய் ரூமில் படுத்தால் வாடகை மட்டுமல்ல, டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் கட்டணத்திலும் பாதியைக் கம்பெனி வெட்டிவிடலாம். மருந்து, ஸ்டென்ட் விலையில் இப்படி வெட்டக் கூடாது.

5. டிஸ்சார்ஜ் பில் போனபின் 3 மணி நேரத்தில் இறுதி அனுமதி வர வேண்டும். தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாகக் கேட்டால் அது கம்பெனியின் பொறுப்பு. கையுறை போன்ற சில்லறைச் சாமான்களுக்குக் கைக்காசு தேவைப்படலாம்.

மறுத்துவிட்டார்களா? காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். சரி, பணம் கட்டி அழைத்து வந்தாலும் எல்லா பில்லையும் வைத்து ரீஇம்பர்ஸ்மென்ட் (கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவது) கேட்கலாம். அதுவும் நடக்காவிட்டால் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு, அப்புறம் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன், அதாவது புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரி. அங்கே கட்டணமும் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.