ஜிஎஸ்டி பாக்கியைத் தவணையில் கட்ட

ஈரோட்டில் ஜவுளிக் கடைக்காரர்களுக்கு வரிக் கணக்கு பார்க்கிறேன். பாக்கி கட்டச் சொல்லி உத்தரவு வந்ததும் கந்துவட்டிக்கு அலைபவர்களிடம் நான் முதலில் சொல்வது, ஜிஎஸ்டி சட்டத்தின் 80-ஆம் பிரிவைப் படியுங்கள் என்பதுதான். அதன்படி அதிகபட்சம் 24 மாதத் தவணைகள் கேட்கலாம்.

நீங்களே ரிட்டர்னில் காட்டிய வரிக்கு இந்தச் சலுகை கிடையாது. தொகை 25,000 ரூபாய்க்குக் குறைவென்றாலும் கிடையாது.

ஜிஎஸ்டி தளத்தில் டிஆர்சி-20 படிவத்தை நிரப்புங்கள். காரணம் எழுதுமிடத்தில் 'பண நெருக்கடி' என்று இரண்டே சொற்களில் முடித்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். உங்களுக்குத் தர வேண்டிய பணத்தை எந்த வியாபாரி எத்தனை மாதமாக எவ்வளவு நிறுத்தி வைத்திருக்கிறார், வங்கிக் கணக்கில் என்ன மிச்சம் என்று விவரமாக எழுதுங்கள். ஆதாரங்களையும் தயாராக வைத்திருங்கள். முடிவு ஆணையர் கையில். அது டிஆர்சி-21 என்ற படிவத்தில் உத்தரவாக வரும்; கேட்டதைவிடக் குறைந்த தவணைகளும் கிடைக்கலாம்.

வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம் தனியே ஓடும். ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதையும் உடனே கட்டியாக வேண்டும். ஆகவே தீபாவளி வசூலை மனத்தில் வைத்துத் தொகை சொல்லாதீர்கள். கடையில் ஈ ஓட்டும் மாதத்தில் எவ்வளவு கட்ட முடியுமோ அதைச் சொல்லுங்கள்.