கல்ச்சர் ரிப்போர்ட்டை மேலிருந்து படியுங்கள்

தேனியில் ஒரு லேபில் 19 வருடமாகக் கிருமி வளர்க்கிற வேலை செய்கிறேன். ரிப்போர்ட் வாங்க வருகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தாளைப் பிரித்ததும் கண் நேராகக் கீழே போய்விடும். அங்கேதான் மருந்துப் பெயர்களும் எதிரே எஸ், ஆர் என்ற எழுத்துகளும் இருக்கும். எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும், ஆர் என்றால் கட்டுப்படாது. அதை வைத்து, முதலில் கண்ணில் படுகிற எஸ்ஸைப் பக்கத்து மெடிக்கலில் காட்டி மாத்திரை வாங்கிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். கீழே உள்ள பட்டியலை நம்பலாமா என்பதை மேலே உள்ள நாலு வரிதான் சொல்லும். அதை யாரும் படிப்பதில்லை.

சாம்பிளிலிருந்தே தொடங்குகிறேன். பாதி ரிப்போர்ட்டுகள் அங்கேயே கெட்டுப்போகின்றன.

எங்களிடம் அதிகம் வருவது யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் இருக்கிற கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனை. காலையில் முதலில் போகிற சிறுநீர் நல்லது. இடத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும், டெட்டால் வேண்டாம். முதலில் வருவதைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, நடுவில் வருவதை லேபில் கொடுத்த டப்பாவில் பிடியுங்கள். மூடியின் உள்பக்கத்தில் விரல் படக்கூடாது. வெந்நீரில் கழுவிய ஜாம் பாட்டில் எவ்வளவு பளபளவென்று இருந்தாலும் ஆகாது. ஏற்கெனவே ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் பெயரையும் எத்தனை நாள் என்பதையும் படிவத்தில் எழுதுங்கள். குளிர் காய்ச்சல், வாந்தி, இடுப்பு வலி என்று இருந்தால் சாம்பிளைக் கொடுத்த கையோடு டாக்டரைப் பாருங்கள். ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பிடித்த சாம்பிள் ஒரு மணி நேரம், மிஞ்சினால் 2 மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்துவிட வேண்டும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள் (ஃபிரீசரில் அல்ல), 24 மணி நேரம் வரை தாங்கும். ஒருமுறை போடியிலிருந்து வந்த ஒரு தம்பி, அம்மாவின் சாம்பிளை 8 மணிக்கு வாங்கி ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்து, பேங்க் வேலையை முடித்துக்கொண்டு 11 மணிக்குக் கொண்டுவந்தார். மே மாதம். டப்பா கையில் சுட்டது. ஈ கோலை மாதிரிக் கிருமி, வசதியான சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும். 3 மணி நேரத்தில் 9 முறை. தோலிலிருந்து தற்செயலாக விழுந்தது மில்லிக்கு 1,000 கிருமி என்றால், கணக்குப்படி 5,12,000 ஆகிவிடும். மில்லிக்கு 1 லட்சத்தைத் தாண்டினால்தான் தொற்று என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறோம். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலேயே அம்மாவுக்கு நோய் வந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். கோபித்துக்கொண்டுதான் போனார். மறுநாள் கொண்டுவந்த சாம்பிளில் ஒன்றுமே வளரவில்லை.

இந்த 1 லட்சம் எங்கிருந்து வருகிறது என்றால், ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் எடுக்கிற சின்ன வளையம் ஒன்று எங்களிடம் உண்டு. அதைச் சிறுநீரில் தொட்டு, கிருமிக்கான உணவு ஊற்றிய தட்டில் இழுத்து, 37 டிகிரியில் ஒரு ராத்திரி வைப்போம். ஒவ்வொரு கிருமியும் பெருகி ஒரு புள்ளியாகத் தெரியும். காலையில் தட்டில் 100 புள்ளி இருந்தால், மில்லிக்கு 1 லட்சம்.

இனி ரிப்போர்ட்டின் மேல் பாதி. முதலில் பஸ் செல், அதாவது சீழ் அணு. கிருமி ஏராளம், சீழ் அணு இல்லவே இல்லை என்றால் எனக்குச் சாம்பிள் மேல்தான் சந்தேகம் வரும். மாறாக, சீழ் அணு நிறைய, கிருமி மட்டும் வளரவில்லை என்று திரும்பத் திரும்ப வந்தால் அதை லேசாக விடாதீர்கள். முன்பே ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கலாம். டிபி கிருமியாகவும் இருக்கலாம், அது எங்கள் சாதாரணத் தட்டில் வளராது. அடுத்து எண்ணிக்கை. அதற்கடுத்து கிருமியின் பெயர். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வகை கலந்து வளர்ந்திருக்கிறது என்று போட்டிருந்தால் அது கலப்படம், சாம்பிளை மறுபடி கொடுங்கள். எரிச்சல், காய்ச்சல் என்று எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்குக் கிருமி வளர்ந்தால் பெரும்பாலும் மருந்தே தேவையில்லை. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் ஆபரேஷனுக்குத் தயாராகிறவர்களும் முக்கியமான விலக்கு.

பெயரைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலையில் எனக்குப் பிடித்த பகுதி. மெக்கான்கி என்ற வகைத் தட்டில் ஈ கோலை ரோஜா நிறத்தில் வரும். புரோட்டியஸ் ஓரிடத்தில் நிற்காது, குளத்தில் கல் விழுந்த மாதிரி ரத்தம் கலந்த தட்டு முழுக்க அலை அலையாகப் பரவி, அழுகிய மீன் நாற்றம் அடிக்கும். சூடோமோனாஸ் பச்சை நிறம் விடும், வாசனை அப்படியே கனிந்த திராட்சை. கம்பம் பக்கம் பன்னீர் திராட்சை தின்று வளர்ந்தவள் நான், சேர்ந்த புதிதில் அந்தத் தட்டைத் திறந்து திகைத்துப் போனேன். முகர்ந்து பார்க்கக்கூடாது என்பது விதி. மூடியைத் திறந்தாலே வருவதை என்ன செய்வது?

பெயர் தெரிந்த பிறகு மருந்துச் சோதனைக்கு இன்னொரு ராத்திரி. அதனால்தான் 48 மணி நேரம் கேட்கிறோம், சோம்பேறித்தனம் இல்லை. தட்டு முழுக்கக் கிருமியைப் பூசி, மருந்து ஊறிய பொட்டு அளவு காகித வில்லைகளை மேலே வைப்போம். கட்டுப்படுகிற மருந்தைச் சுற்றிக் கிருமி வளராமல் வட்டமாக வெற்றிடம் விழும். பெரிய வட்டம் நல்ல மருந்து என்று நினைக்காதீர்கள், ஒவ்வொரு மருந்துக்கும் எல்லை வேறு. மெஷினில் போட்டால் வட்டத்துக்குப் பதில் எம்.ஐ.சி. என்று ஒரு எண் வரும். கிருமியின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான குறைந்தபட்ச மருந்தளவு அது. இங்கேதான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். ஈ கோலைக்கு நைட்ரோஃபுரான்டாயின் 16 என்றும், சிப்ரோஃப்ளாக்சசின் 1 என்றும் வந்தால் சின்ன எண்தானே நல்லது என்று சிப்ரோவைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் முதலாவதற்கு 32 வரை எஸ். சிப்ரோவுக்கு 0.25 வரைதான் எஸ், 1 வந்தாலே ஆர். ஒரு மருந்தின் எண்ணை இன்னொரு மருந்தின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

எஸ் என்று இருந்தாலும் மருந்து தொற்று இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீரில்தான் சேரும், ரத்தத்தில் போதிய அளவு நிற்காது. மூத்திரப்பை எரிச்சலுக்கு அருமையான மருந்து. சிறுநீரகம் வரை ஏறிக் குளிர் காய்ச்சல் வந்தவருக்கு, தாளில் எஸ் என்று இருந்தாலும் உதவாது. டாக்டர் அதை விட்டுவிட்டு ஊசிக்குப் போவதற்குக் காரணம் இது. ரிப்போர்ட்டின் அடியில் ஈ.எஸ்.பி.எல். என்ற எழுத்துகள் இருந்தால், செஃப் என்று தொடங்குகிற வழக்கமான மாத்திரை ஊசிகளை உடைக்கிற என்சைம் அந்தக் கிருமியிடம் இருக்கிறது என்று பொருள். அந்த வரியை டாக்டரிடம் விரல் வைத்தே காட்டுங்கள். அப்புறம், பட்டியலில் மருந்து குறைவாக இருக்கிறதே என்று சண்டைக்கு வராதீர்கள். சாதாரண மருந்துக்கே கிருமி கட்டுப்பட்டால், மெரோபெனம் மாதிரிப் பெரிய மருந்துகளை வேண்டுமென்றே மறைத்துத்தான் ரிப்போர்ட் கொடுப்போம்.

பூஞ்சை வேறு கதை. பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. படர்தாமரைக்கு மெடிக்கலில் கொடுக்கிற கலவை க்ரீம்கள் பலவற்றில் குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், வட்டமும் மங்கும், பூஞ்சை மட்டும் உள்ளே சுகமாக வளரும். வடிவமே மாறிவிடுவதால் பார்த்ததும் அடையாளம் தெரியாது. டியூபின் பின்பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் டியூபோடு தோல் டாக்டரிடம் போங்கள். தோலைச் சுரண்டி சாம்பிள் எடுக்க லேபுக்கு வரும்போது அன்று எதையும் தடவிக்கொண்டு வராதீர்கள். பூஞ்சைக்கான க்ரீமை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று அவரிடமே கேளுங்கள். நடுவில் அல்ல, உயிருள்ள பூஞ்சை இருக்கிற விளிம்பில்தான் சுரண்டுவோம். 10 சதவீத கே.ஓ.எச். (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசலில் தோல் செதில் கரைந்து, மைக்ராஸ்கோப்பில் கிளைவிட்ட நூல் மாதிரி பூஞ்சை தெரியும். அது அரை மணி வேலை. கல்ச்சர் என்றால் 4 வாரம்கூட ஆகும்.

பூஞ்சைக்கான டெர்பினாஃபின் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் குறையவில்லை என்றால் உங்கள் மேல் தப்பில்லாமலும் இருக்கலாம். டிரைகோஃபைட்டான் இன்டோட்டினியே என்றொரு பூஞ்சை இங்கே பரவிக் கிடக்கிறது. 2020இல் ஜப்பானில் இந்திய, நேபாள நோயாளிகளிடமிருந்து எடுத்துப் பெயர் வைத்தார்கள். டெர்பினாஃபின் தாக்குகிற என்சைமையே அதில் பல ரகங்கள் மாற்றிக்கொண்டுவிட்டன. இதற்கான மருந்துச் சோதனை எங்களைப் போன்ற லேபுகளில் கிடையாது. எத்தனை வாரம் எந்த மாத்திரை சாப்பிட்டீர்கள் என்ற கணக்குதான் டாக்டருக்கு உதவும்.

கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை வளர்ந்த தட்டு புளித்த ஆப்ப மாவு வாசனை வரும். அதைச் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரிகிற தெளிந்த நீர்) கலந்து 37 டிகிரியில் 2, 3 மணி நேரம் வைத்தால், ஆல்பிகன்ஸ் என்ற வகையாக இருந்தால் முளைகட்டிய பயறு மாதிரி வால் விடும். வால் விடாதவற்றில் கவனம் வேண்டும். ஐசியூவில் இருக்கிறவரின் ரிப்போர்ட்டில் கேண்டிடா ஹெமுலோனி என்று வந்தால் இன்னொரு முறையில் உறுதிசெய்யக் கேளுங்கள். 2009இல் ஜப்பானில் ஒருவர் காதிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ், பழைய முறைகளில் அந்தப் பெயரில்தான் ஒளிந்துகொள்ளும். ஃப்ளூகோனசோல் என்ற வழக்கமான பூஞ்சை மருந்து அதற்குப் பெரும்பாலும் கேட்காது.

பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். என் மாமியாருக்குச் சர்க்கரை, மூன்று தடவை யூரின் கல்ச்சர் ஆகிவிட்டது. முதலில் சாதாரண ஈ கோலை, அடுத்தது ஈ.எஸ்.பி.எல்., போன மாதம் கிளெப்சியெல்லா என்ற வேறொரு கிருமி. புது ரிப்போர்ட் வரும்வரை உள்ள 2 நாளைக்கு எதைக் கொடுப்பது என்று டாக்டர் அந்தப் பழைய தாள்களைப் பார்த்துத்தான் முடிவு செய்தார். மூன்றையும் ரேஷன் கார்டு வைக்கிற பையிலேயே மாமியார் பத்திரப்படுத்தியிருந்தார்.